மின் வண்டி பேட்டரிக்குப் பேனல் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி, தானே கட்டிய ஸ்கூட்டர் பேட்டரி பேக்கைக் காட்ட எடுத்து வந்தான். சீரீஸில் 13 லித்தியம் அயான் செல், மேலே அழகாகப் பதித்த, வோல்ட்டும் ஆம்பும் காட்டும் பேனல் மீட்டர். "அண்ணா, மீட்டர் டூப்ளிகேட் போல. 10 ஆம்ப் சார்ஜர் போட்டா 5தான் காட்டுது" என்றான். பெட்டியைத் திறக்கும் முன்பே எனக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. அதே தப்பை நான் மாதக்கணக்கில் வண்டியில் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுப்பது, லூசாக முறுக்கிய ஒயர் போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்கு உடனே புகை வரும், அதுவே பாடம் நடத்திவிடும். புகை வராமல் நாள் கடத்தும் தப்புகள்தான் செலவு வைப்பவை.

மீட்டருக்கான பவரை ஷண்ட்டின் மறுபக்கத்திலிருந்து எடுப்பது

பேக்கின் நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே ஷண்ட், அதாவது கரண்ட்டை அளப்பதற்கான மிகக் குறைந்த தடைத் துண்டு, உட்காருகிறது. 100 ஆம்ப், 75 மில்லிவோல்ட் ஷண்ட் என்றால் அதன் தடை வெறும் 0.75 மில்லி ஓம். 10 ஆம்ப் ஓடும்போது இரு முனைகளுக்கும் நடுவே 7.5 மில்லிவோல்ட் எழும். அதை அளந்துதான் மீட்டர் ஆம்ப் என்று காட்டுகிறது.

மீட்டர் ஓடவும் பவர் வேண்டும். சாதாரண மீட்டர்கள் பல 30 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, அதனால் பேக்கிலிருந்து வோல்ட்டைக் குறைக்கும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட் எடுக்கிறோம். எங்கிருந்து எடுப்பது? கைக்கு எட்டுவது சார்ஜர் சாக்கெட். அது ஷண்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வினை இங்கேதான் தொடங்குகிறது.

மலிவான மீட்டர்களில் பவரின் கறுப்பு ஒயரும், ஷண்ட்டுக்குப் போகும் கறுப்பு ஒயரும் போர்டுக்குள்ளே ஒன்றுதான். பக் கன்வெர்ட்டரிலும் உள்ளே வரும் நெகட்டிவும் வெளியே போகும் நெகட்டிவும் ஒன்றே. ஒரு கறுப்பு ஷண்ட்டின் பேட்டரி பக்கம், இன்னொரு கறுப்பு சார்ஜர் பக்கம் என்று மாட்டினால், ஆற்றுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி. மெல்லிய அந்த ஒயர்களின் தடை ஷண்ட்டைப் போலப் பல மடங்கு என்பதால் வாய்க்காலில் கொஞ்சம் கரண்ட்தான் போகும். ஆனால் மீட்டர் தன் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது போர்டின் கிரவுண்டை. அது இப்போது ஷண்ட்டின் எந்த முனையிலும் இல்லாமல் இரண்டு கறுப்பு ஒயர்களுக்கும் நடுவில் தொங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால், ரீடிங் சரிபாதி.

எனக்கு இது அப்போது புரியவில்லை. மீட்டர் போலி என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் பாதி. ஷண்ட் போலி என்று அதையும் மாற்றினேன். அப்போதும் பாதி. கடைசியில் மீட்டர் மேல் '× 2' என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். இதை எழுதும்போதுகூட எரிச்சல் வருகிறது. ஒரு கருவி விடாமல் ஒரே அளவில் தப்பாகக் காட்டுகிறது என்றால் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். நான் அதன் வாயில் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அப்புறம் மீட்டரை ஹேண்டில் பக்கம் மாற்றினேன், பவர் ஒயரை நீட்டினேன். நீட்டிய ஒயருக்குத் தடை கூடியதால் நடுவில் தொங்கிய கிரவுண்ட் பேட்டரி பக்கம் நகர்ந்தது. சார்ஜ் போட்டால் 7 காட்டியது. ஸ்டிக்கர் கணக்கில் 14 ஆம்ப். 10 ஆம்ப் சார்ஜர் எப்படி 14 கொடுக்கும்? அப்போதும் சார்ஜரைத்தான் சந்தேகப்பட்டேன்.

முடிவு ஒரு மேட்டில் வந்தது. வண்டியின் அதிர்வில் ஷண்ட்டின் பெரிய போல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறது. ஆற்றில் அடைப்பு, மோட்டார் கேட்ட கரண்ட் மொத்தமும் வாய்க்காலில் பாய்ந்தது. முடி போன்ற அந்த ஒயர் பழுத்து, பக்கத்தில் கட்டியிருந்த, ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் பேலன்ஸ் ஒயர்களின் உறையையும் உருக்கி அவற்றோடு ஒட்டிக்கொண்டது. மீட்டர், கன்வெர்ட்டர், பி.எம்.எஸ். (செல்களைக் காவல் காக்கும் போர்டு) மூன்றும் போயின. பேக் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல, ஒயர் சீக்கிரம் அறுந்ததால்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து இரண்டு கறுப்பு ஒயர்களையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால், ஷண்ட்டின் எந்த முனையில் ஒன்றை மாட்டுகிறீர்களோ அதே ஸ்க்ரூவில்தான் மற்றதும். பவரின் நெகட்டிவ் வேறு எங்கும் தொடக்கூடாது. அது முடியாத இடத்தில் ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் போடுங்கள். உள்ளே வரும் நெகட்டிவுக்கும் வெளியே போகும் நெகட்டிவுக்கும் நடுவே பஸ்ஸர் அடிக்கக் கூடாது. தம்பியின் பேக்கில் ஒரே ஒரு ஒயரை இடம் மாற்றினோம். 9.8 காட்டியது.

மொத்த வோல்ட்டைப் பார்த்து நிம்மதி அடைவது

மீட்டர் 54.6 காட்டுகிறது, 13 செல்லுக்கு 4.2 வீதம் கணக்குச் சரி. ஆனால் 12 செல்கள் 4.18லும் ஒன்று 4.44லும் இருந்தாலும் கூட்டல் அதே 54.6தான். அந்த ஒரு செல்லைப் பேனல் மீட்டர் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. அது பி.எம்.எஸ். வேலை. பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி பேக்குக்கு நேராக சார்ஜ் ஏற்றுபவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேனல் மீட்டர் உதவும். நல்ல பேக்கில் கடைசிக் கட்டத்தில் ஆம்ப் மெல்ல மெல்ல இறங்கும். 8, 9 ஆம்பில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், ஏதோ ஒரு செல் முன்னாலேயே நிரம்பி பி.எம்.எஸ். வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். செல்களைத் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

இன்னொன்று, பேனல் மீட்டரைப் பார்த்து சார்ஜரின் வோல்ட்டைத் திருகி வைக்காதீர்கள். ஒரு சதவீதப் பிழை என்பது 54.6ல் அரை வோல்ட்டுக்கு மேல். செல்லுக்கு 0.04 வோல்ட் அதிகம், அதுவும் ஒவ்வொரு சார்ஜிலும்.

ரிலே உள்ள மீட்டரை டி.சி. பக்கம் போட்டு சார்ஜை நிறுத்துவது

குறிப்பிட்ட வோல்ட் வந்ததும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விட்டுவிடும் மீட்டர்கள் இருக்கின்றன. அந்த ரிலேயின் மேலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 250 வோல்ட் ஏ.சி.க்கு 10 ஆம்ப், 30 வோல்ட் டி.சி.க்கு 10 ஆம்ப் என்று இருக்கும். ஏ.சி. ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டி.சி.யில் அந்தச் சலுகை இல்லை. 54 வோல்ட்டில் பொறி இழுத்துக்கொண்டே நின்று காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளலாம். மீட்டர் 'நிறுத்திவிட்டேன்' என்று காட்டும், சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். சார்ஜருக்கு வரும் ஏ.சி. பக்கத்தை வெட்டுங்கள், அங்கேயும் ஆன் செய்யும் நொடியில் பாயும் அதிகக் கரண்ட்டைத் தாங்கும் ரிலேயாக இருக்கட்டும்.

எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக்கில் சார்ஜைக் கட்டம் கட்டமாகக் காட்டும் மீட்டர்

வேண்டாம். நடுப்பகுதி முழுக்க செல் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், வோல்ட்டை வைத்து சதவீதம் சொல்வது ஜோசியம். ஷண்ட் வைத்து ஆம்ப்-மணி எண்ணும் மீட்டர் வாங்குங்கள், பேக் நிரம்பும்போதெல்லாம் அதை ரீசெட் செய்யுங்கள்.

மீட்டரை ஓடவிட்டு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது

20 மில்லிஆம்ப் இழுத்தால் 30 நாளில் 14 ஆம்ப்-மணிக்கு மேல் போய்விடும். மேலே சொன்னபடி பேட்டரி பக்க ஸ்க்ரூவில் நெகட்டிவ் எடுத்திருந்தால் இந்த கரண்ட் ஷண்ட் வழியாகவே போகாது. மீட்டர், தான் தின்பதைத் தன் கணக்கில் எழுதாது. ஒரு சுவிட்ச் போடுங்கள்.

பியூஸை மீட்டர் பக்கத்தில் வைப்பது

பேக் பக்கத்தில் வையுங்கள். தம்பியின் பேக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.