கண்டதைக் குழுவில் பகிரும் முறை: செங்கோட்டைப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்தின் புனலூர் வரை ரயில் பாதை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அந்தப் பாதையின் இரு முனைகளிலும் இடையிலும் வசிக்கும் நாங்கள் சிலர், ரயில், பறவை, கோட்டோவியம், மலைநடை என்று அவரவருக்குப் பிடித்தவற்றை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சில ஆண்டுகளாகப் பகிர்ந்து வருகிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் எதைப் போடுவது, எப்படிப் போடுவது என்று தயங்குவதைப் பார்த்து, எங்களுக்குப் பழகிவிட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

பயணம் முழுவதையும் பகிர முயல வேண்டாம். 2018இல் அகலப்பாதைப் பணி முடிந்து மலைப்பகுதியில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, முதன்முறையாகப் போய் வந்த அன்றே, எடுத்த 84 படங்களையும் மொத்தமாகக் குழுவில் போட்டேன். ஓரிருவர் கைகூப்பும் குறியை இட்டார்கள், வேறு பேச்சில்லை. அடுத்த வாரம் கழுதுருட்டி அருகே சாலையோரத்தில் நின்று, பதிமூன்று கண் பாலத்தை மட்டும் பென்சிலில் வரைந்தேன். 1904இல் திறந்த மலைப்பாதையின் கற்பாலம் இது, மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகும் ரயில் இதன் மேல்தான் போகிறது, கண்களின் உள்வளைவில் ஈரம் படிந்த இடம் மட்டும் கறுத்திருக்கிறது என்று மூன்று வரி சேர்த்து அனுப்பினேன். அன்று மாலைக்குள் குழுவே பேசத் தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஏற்றத்தில் பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ளும்போது பெட்டிக்குள் தெரியும் சிறு உந்தலைப் பற்றி நீண்ட குரல் பதிவே அனுப்பினார். ரயில் சன்னலிலிருந்து அந்தப் பாலத்தை நான் பார்த்தது சில நொடிகள். வரைவதற்காக அதன் முன்னால் நின்றது ஒன்றரை மணி நேரம். வித்தியாசம் அங்கேதான் இருந்தது. ஆகவே, ஒரு நாள் பயணத்தில் எங்கே அதிக நேரம் நின்றீர்களோ அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு மூன்று அல்லது நான்கு படங்கள் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு நாளையும் நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள். பாலருவி ஆடியில் கொட்டுவது போல் பங்குனியில் கொட்டாது. கோடையில் தண்ணீர் வற்றி, உள்ளே விடாத நாள்களும் உண்டு. நாள் குறிக்காத ஒரு வெள்ளப் படத்தை நம்பிக் குழந்தைகளோடு கிளம்பி வருகிறவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புவார். எந்த ரயிலில் போனீர்கள், எங்கே இறங்கினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், பின்னால் போகிறவருக்கு அதுவே வழிகாட்டி.

ஓவியத்தையோ கைவேலையையோ படம் எடுப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். இரவில் டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் தாள் மங்கிப்போய், பென்சில் கோடும் பின்னணியும் ஒன்றாகிவிடும். காலையில், நேர் வெயில் விழாத சன்னலோரத்தில் தாளைத் தரையில் பரப்பி, போனைத் தாளுக்கு இணையாக மேலே பிடித்து எடுங்கள். உங்கள் கையின் நிழல் விழாதபடி சற்றுத் தள்ளி நின்று, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். பூ வேலைப்பாடு, கூடை முடைதல் போன்றவற்றுக்கு முழுப் படம் ஒன்றும், தையல் அல்லது பின்னல் தெரியும்படி மிக அருகிலிருந்து ஒன்றும் போதும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மலையின் இரு புறமும் உறவும் வியாபாரமும் இன்றும் தொடர்கின்றன. ஆனால் மேற்கே உள்ள எங்கள் நண்பர்கள் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்தை வாசிக்க வராது. மலையாள எழுத்தின் முன் நம் நிலையும் அதுதான். ஆகவே எழுதியதையே ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவாகவும் நாங்கள் போடுகிறோம். ஊர்ப்பெயர்களை மட்டும் நிறுத்தி, தெளிவாகச் சொல்லுங்கள். நமக்குப் பதிமூன்று கண் பாலம், அவர்களுக்குப் பதிமூன்று கண்ணறை.

எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. இருவாச்சியின் கூட்டை எங்கே கண்டாலும் இடத்தைக் குழுவில் சொல்லாதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவு பிளவு வழியாக ஆண் கொண்டுவரும் இரையை வாங்கித்தான் அடைகாக்கிறது. ஆட்கள் கூடுவதைக் கண்டு ஆண் வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். நீங்கள் இடத்தை எழுதாவிட்டாலும் படமே காட்டிக்கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமெண்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். காட்டுக்குள் போகும் முன்பே கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிடுவது நல்லது. அதேபோல், ரப்பர் தோட்டத்தில் பால் எடுப்பவரையோ, ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையோ கேட்காமல் படமெடுத்துப் போடக் கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிய பயணத்தைத் திரும்பி வந்த பிறகு பகிருங்கள். இரண்டு நாள் தாமதத்தால் படம் பழசாகிவிடாது.

பிறர் போட்டதற்குப் பதில் சொல்வதும் பகிர்வில் பாதி. ‘அருமை’, ‘சூப்பர்’ என்பவை அன்பான சொற்கள்தாம். ஆனால் அவற்றைப் பெற்றவர் அடுத்து என்ன செய்வது என்று அறியமாட்டார். அவர் காட்டியதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள். சென்ற சீசனில் புளியரை நண்பர் ஒருவர் இரவில் சாரல் விழும் ஓசையைப் பதிவுசெய்து அனுப்பினார். அது ஓட்டுக்கூரையா தகரமா என்று கேட்டேன். மறுநாள் இரவு, வீட்டின் ஓட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நிமிடமும், மாட்டுத்தொழுவத்தின் தகரத்தடியில் ஒரு நிமிடமும் பதிவுசெய்து, எது எது என்று சொல்லாமலே அனுப்பிவைத்தார்.