கையும் கத்தியும்: ஓர் ஆபரேஷன் ஓவியத்தைப் பார்க்கப் பழகுவோம்

ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் ஆபரேஷன் தியேட்டர் ஓவியம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. மானிட்டரில் ஓடும் கோடு வரைக்கும் அச்சு அசல். டோக்கன் எண் கூப்பிடும்வரை முக்கால் மணி நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபின் யோசித்தால், அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட நினைவில்லை. ‘தத்ரூபமா இருக்கு’ என்பது பாராட்டின் ஆரம்பம்தான். அதற்கு அப்புறம் என்ன பார்ப்பது?

ஒரே ஓவியத்தை வைத்துப் பழகலாம். அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1875-இல் வரைந்த ‘தி கிராஸ் கிளினிக்’. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில், மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, டாக்டர் சாமுவேல் கிராஸ் ஒருவரின் தொடையைத் திறந்து, சீழ்பிடித்துச் செத்த எலும்பை எடுக்கிறார்.

தொடங்கும் முன்: போன் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். அசல் ஓவியம் சுமார் 8 அடி உயரம். 2010-க்குப் பிறகு எடுத்த படமாகத் தேடுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுத்தம் செய்தபோது இருண்ட பகுதிகள் வெளிறிப்போயின. 2010-இல்தான் அந்த இருட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த ஓவியத்துக்கு இருட்டு அவ்வளவு முக்கியம்.

படி 1: கண்ணைச் சுருக்குங்கள்.
விவரமெல்லாம் மங்கி, வெளிச்சம் மட்டும் மிஞ்சும். எங்கே விழுகிறது? கிராஸின் நரைத்த தலையிலும் நெற்றியிலும், கத்தி பிடித்த கையில், திறந்த தொடையில். மூளை, கை, காயம். மேலிருந்து விழும் வெளிச்சம்தான், ஆனாலும் கண்கள் நிழலில் கிடக்கின்றன. அவர் என்ன நினைக்கிறார் என்று நம்மால் படிக்க முடியாது.

படி 2: நோயாளியைத் தேடுங்கள்.
‘தேடுங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பார்வைக்கு ஆள் அகப்படமாட்டார். முகத்தை மயக்கமருந்துத் துணி மூடியிருக்கிறது. உடம்பை டாக்டர்கள் மறைத்து நிற்கிறார்கள். ஒரு தொடை, கொஞ்சம் பின்புறம், அப்புறம் காலில் சாக்ஸ். எனக்கு இந்த ஓவியத்தில் மறக்கவே முடியாதது அந்த சாக்ஸ்தான். அதுவரை வெறும் சதையாகத் தெரிந்தது, காலையில் எழுந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதராக மாறிவிடுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கைகளை மட்டும் பாருங்கள்.
கிராஸ் அறுப்பதை நிறுத்திவிட்டு, மாணவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். வலதுகை விரல்களில் ஈர ரத்தம். கத்தியை அழுத்திப் பிடிக்கவில்லை. பேனா பிடிப்பதுபோல லேசாகத்தான் பிடித்திருக்கிறார். இனி இடப்பக்கம் வாருங்கள். கறுப்பு உடையில் ஒரு பெண், நோயாளியின் தாய் என்று பொதுவாகச் சொல்வார்கள். முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார், விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி இறுகியிருக்கின்றன. இரண்டு கைகளுக்கும் நடுவே கண்ணை ஓட்டிப் பாருங்கள். ஒன்று பயிற்சி, ஒன்று பதற்றம். இந்தப் பெண்ணை விரலால் மறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்: நல்லதொரு வகுப்பறைப் படம் மிஞ்சும், அவ்வளவுதான்.

படி 4: காலத்தைச் சரிபாருங்கள், ஆனால் மதிப்பெண் போடாதீர்கள்.
கறுப்புக் கோட்டு, வெறுங்கை. கிருமிநாசினி முறை அங்கே வேரூன்றாத காலம். காலையே வெட்டாமல் கெட்ட எலும்பை மட்டும் எடுப்பதுதான் அன்றைய பெருமை. இதெல்லாம் தெரிந்தால் ஓவியம் ஆழமாகும். ஆனால் ‘சரியாக வரைந்திருக்கிறார், அதனால் நல்ல ஓவியம்’ என்ற கணக்கு உதவாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1632-இல் வரைந்த ‘டாக்டர் டல்ப்பின் உடற்கூறு வகுப்பு’ ஓவியத்தில் வயிற்றைத் தொடாமல் கையைத்தான் முதலில் அறுத்திருக்கிறார்கள். அன்று பிரேதத்தில் வயிற்றைத்தான் முதலில் திறப்பது வழக்கம். அதனால் அந்த ஓவியம் ஒரு குந்துமணி அளவும் குறைந்துவிடவில்லை.

படி 5: உங்கள் நாற்காலி எங்கே?
வலது ஓரத்தில், மங்கலான வரிசையில் ஈக்கின்ஸ் தன்னையே வரைந்திருக்கிறார். அவர் பார்ப்பது ஓரத்திலிருந்து. நம்மை உட்காரவைத்திருப்பதோ காயத்துக்கு நேர் எதிரே, யாரும் மறைக்காத இடத்தில். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக்காக 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் கலைப் பிரிவு இதை ஏற்காததற்கு இந்த ரத்த நெருக்கமும் ஒரு காரணம் என்பார்கள். ராணுவ மருத்துவமனைக் காட்சிப் பகுதியில் மாட்டினார்கள். பின்னர் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் 200 டாலருக்கு வாங்கிக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அதே ஓவியம் ஊரை விட்டுப் போகாமலிருக்க 2006-இல் பேசப்பட்ட விலை 6 கோடியே 80 லட்சம் டாலர்!

வீட்டுப்பாடம்: ஈக்கின்ஸே 1889-இல் வரைந்த ‘தி ஆக்னியூ கிளினிக்’கை எடுங்கள். அறுவை செய்யும் டாக்டர்கள் வெள்ளை அங்கிக்கு மாறியிருப்பார்கள். இதே ஐந்து படிகள். மூன்றாவது படிக்கு வரும்போது வலப்பக்கம் நிற்கும் நர்ஸைப் பாருங்கள். அவர் முகத்தை மறைக்கவில்லை.