லாரி எடை மேடை: ஆள் இயக்குவதா, தானியங்கியா?

தானியங்கி முறைக்கு மாறினால் எடை துல்லியமாகிவிடும் என்று நம்பி விலைப்பட்டியலைக் கையில் எடுப்பவர்கள் பலர். ஆனால் எடையை அளப்பவை மேடைக்கு அடியிலுள்ள லோடு செல்கள். இரண்டு முறைகளிலும் அவற்றின் வேலை ஒன்றே. லாரி வந்துபோகும் விதத்தையும் எடை பதிவாகும் விதத்தையும் மட்டுமே தானியங்கி அமைப்பு மாற்றுகிறது. ஆகவே, இழப்பு அளவையிலா, நேரத்திலா, பதிவிலா என்பதை முதலில் கண்டறியுங்கள்.

அளவையைச் சோதிக்க, பாரம் ஏற்றிய சிறிய வண்டி ஒன்றை மேடையின் முன்புறம், நடு, பின்புறம் என மூன்று இடங்களிலும் நிறுத்தி எடை போடுங்கள். எடை கணிசமாக மாறினால், லோடு செல் பழுதாகியிருக்கலாம். மேடையின் ஓர இடைவெளியில் கல்லும் மண்ணும் சிக்கியிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் தானியங்கிக்குச் செலவிடுவது வீண்.

நேரத்தைக் கணிக்கும்போது நாள் சராசரியைப் பார்க்காதீர்கள். நெரிசல் மிகுந்த மணி நேரத்தைப் பாருங்கள். காலியாக ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை என ஒவ்வொரு லாரியும் இரண்டு முறை மேடையேறுகிறது. ஒரு முறைக்கு 3 நிமிடம் ஆனால், மணிக்கு 10 லாரிகளுக்கு மேல் முடியாது. அதற்குள் அடங்கினால் ஆள் இயக்கும் மேடையே போதும். அதைத் தாண்டினால், ஓட்டுநர் இறங்காமலே லாரிக்குக் கொடுத்த அடையாள அட்டையைப் படித்துத் தடுப்பைத் திறக்கும் அமைப்பு பயன் தரும்.

பதிவுப் பிழைதான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. 24,680 கிலோ என்று திரையில் தெரிவதை 26,480 என்று தட்டச்சு செய்தால், ஒரே சீட்டில் 1,800 கிலோ பிசகிவிடும். இதைத் தடுக்க முழுத் தானியங்கி தேவையில்லை. எடையைத் திரையில் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து எடை நேரடியாகக் கணினிக்குச் செல்லுமாறு இணைத்தால் போதும். நடுத்தர அளவிலான நிறுவனங்களுக்கு இந்தப் பாதித் தானியங்கி முறையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆளில்லா மேடைதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், இரு முனைகளிலும் அகச்சிவப்பு சென்சார்களைத் தவிர்க்காதீர்கள். ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே நின்றாலும் எடை குறைந்துவிடும். அதைப் பார்க்க ஆளும் இல்லை, சென்சாரும் இல்லை என்றால் பழைய முறையே மேல். அட்டை கைமாறாமல் இருக்க, வண்டி எண்ணைப் படமெடுக்கும் கேமராவும் வேண்டும்.

சேமித்து வைத்த காலி எடையைக் கணினி திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் கவனிக்க வேண்டியது. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.84 கிலோ என்பதால், 300 லிட்டர் டேங்க் நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் இடையே சுமார் 250 கிலோ வேறுபடும். நனைந்த தார்ப்பாயும் ஒட்டிய சேறும் இதில் சேரவில்லை. விலை உயர்ந்த சரக்கானால் ஒவ்வொரு முறையும் காலி எடை போடுங்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தில், அட்டை படிக்கும் கருவி பழுதானால் ஆள் எடை போடும் வசதியும், அவ்வாறு போட்ட எடை சீட்டில் தனிக் குறியோடு அச்சாகும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.