அந்தியூரிலிருந்து திருவையாறு வரை: குதிரையை வண்டியில் கொண்டுவருவது எப்படி?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் குதிரை வாங்கும் நம் பக்கத்து ஆட்கள், விலை பேசுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதை வீடு சேர்ப்பதில் காட்டுவதில்லை. பவானி, ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திருவையாறு சுமார் 250 கிலோமீட்டர். நாம் முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிடுவோம். குதிரைக்கு அது ஏழெட்டு மணி நேர வேலை. ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் காலை ஊன்றி ஊன்றித்தான் வரவேண்டும்.

பேப்பர்: பயணத்துக்கு உடல்தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் இதைக் கேட்கின்றன.

வண்டி: வளர்ந்த குதிரைக்குக் ‘குட்டியானை’ என்கிற சின்ன லோடு வண்டி வேண்டாம், கொஞ்சம் பெரிய லாரியாகப் பாருங்கள். இரும்புத் தகட்டில் லாடம் வழுக்கும். ரப்பர் பாய் விரிக்கலாம்; இல்லையென்றால் இரண்டு அங்குலம் மணல், மேலே வைக்கோல். சாய்பலகை இல்லாத வண்டியா? கரைமேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் குதிரை தானாகவே நடந்து ஏறும். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.

தீனி: கிளம்பும் நாளில் கொள்ளு கூடாது. புல்லும் தண்ணீரும் ஏற்றும் வரை தாராளமாகக் கொடுக்கலாம்.

கட்டுவது: நான் பட்டது இங்கேதான். முதல் குதிரையைக் கொண்டுவந்தபோது, துள்ளாமல் இருக்கட்டும் என்று தலையைத் தூக்கிக் கட்டை கயிற்றில் கட்டிவிட்டேன். ராத்திரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வீட்டிலும் நன்றாகத்தான் இறங்கியது. மூன்றாம் நாள் கொள்ளை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இருமல், 103 டிகிரி காய்ச்சல். வந்து பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே, “தலையை எப்படிய்யா கட்டினே?”

குதிரை தலையைக் கீழே போட்டால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வரும். மணிக்கணக்கில் தலை மேலேயே நின்றால் அவை கிருமிகளோடு நுரையீரலுக்கு இறங்கிவிடும். அதனால் கயிறு, தலையை நெஞ்சு மட்டத்துக்கும் கீழே இறக்கும் அளவுக்கு இருக்கட்டும். காலில் மாட்டும் அளவுக்கு நீளம் வேண்டாம். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போடுங்கள். வைக்கோலைத் தண்ணீர் தெளித்து வையுங்கள், தூசி அடங்கும்.

வழியில்: டிரைவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, பின்னாடி தண்ணிக்குடம் இருக்குன்னு நெனச்சு ஓட்டுங்க.” மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். எனக்குக் குளித்தலை தோது. ரோட்டோரத்தில் குதிரையை இறக்காதீர்கள். மிரண்டால் பிடிக்க முடியாது. உள்ளேயே கயிற்றைத் தளர்த்தி, கீழே கொஞ்சம் புல்லைப் போட்டு, கால்மணி நேரம் தலையைத் தாழ்த்தித் தின்னவிடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் காட்டுங்கள். சில குதிரை ஊர்த் தண்ணீர் மாறினால் வாயே வைக்காது. விற்றவரிடமே இரண்டு கேன் பிடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கிற பிராணி அது. தண்ணீர் குறைந்தால் சாணம் இறுகி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

வீடு வந்ததும்: முதலில் தண்ணீர், அப்புறம் புல். கொள்ளு மறுநாள் கொஞ்சமாக. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள், சட்டென்று படிந்துவிட வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. சாணம் போடுகிறதா என்றும் கவனியுங்கள்.

மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் ஆசனவாயில் காய்ச்சல் பாருங்கள். 99 முதல் 101.5 டிகிரி வரை சரி. 102 தாண்டினால் விடியட்டும் என்று இருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தெர்மாமீட்டரில் நூல் கட்டி, மறுமுனையைத் துணி கிளிப்பால் வால்முடியில் மாட்டிவிடுங்கள், உள்ளே போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு.