நேம்சர்வரை மாற்றும் முன்: டிஎன்எஸ் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்தை வேறு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றுபவர்களில் பலர், புதிய நிறுவனம் தரும் இரண்டு நேம்சர்வர்களின் (டொமைன் பெயரை ஐபி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்கள்) பெயர்களை டொமைன் கணக்கில் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். தளம் புதிய இடத்திலிருந்து ஒழுங்காகத் திறக்கும். ஆனால் மறுநாள் அலுவலக மின்னஞ்சல் நின்றுபோயிருக்கும். நேம்சர்வரை மாற்றுவது என்பது தளத்தின் முகவரியை மட்டும் மாற்றுவதன்று, அந்த டொமைனின் பதிவேடு முழுவதையும் வேறொருவர் பொறுப்பில் விடுவதாகும். மின்னஞ்சல் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும், மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்தே வருகிறதா என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் விவரங்கள் அடங்கிய டிஎக்ஸ்டி (உரை) பதிவுகளும், துணை டொமைன்களும் தாமாக இடம் மாறுவதில்லை. அவற்றை ஒன்றுவிடாமல் புதிய இடத்தில் எழுதி, புதிய நேம்சர்வரிடமே, டிஎன்எஸ் பதிவுகளைக் கேட்டறியும் 'டிக்' (dig) கட்டளையால் நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகே மாற்றத்தைச் செய்ய வேண்டும். தளம் மட்டுமே இடம் மாறுகிறது என்றால் நேம்சர்வரைத் தொடாமல் தளத்தின் சர்வரைச் சுட்டும் ஏ பதிவில் உள்ள ஐபி எண்ணை மாற்றுவதே நல்லது என்பேன். ஐபிவி6 எனும் நீண்ட வகை ஐபி முகவரிக்கான குவாட்-ஏ பதிவு இருந்தால் அதையும் மறக்காமல் மாற்ற வேண்டும். இல்லையேல் வருகையாளர்களில் ஒரு பகுதியினர் மட்டும் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள், காரணம் எளிதில் பிடிபடாது.

அடுத்த தவறு காலத்தைப் பற்றியது. மாற்றம் 'பரவ' 48 மணி நேரம் ஆகும் என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் பரவுவதில்லை, ஆங்காங்கே உள்ள ரிசால்வர்கள் (பயனருக்காக டிஎன்எஸ் விடையைத் தேடித்தரும் சர்வர்கள்) கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருக்கும் பழைய விடை காலாவதியாகிறது, அவ்வளவே. அந்தக் காலத்தைக் குறிப்பது டிடிஎல். அது 86400 நொடிகளாக இருக்கும்போது, மாற்றம் செய்யும் அதே நேரத்தில் 300 ஆகக் குறைப்பதால் பயனில்லை, ஏனெனில் முன்பே கேட்டு வைத்தவர்கள் ஒரு நாள் முழுவதும் பழைய விடையையே நம்புவார்கள்; குறைப்பதை ஒரு நாள் முன்னதாகவே செய்துவிட வேண்டும். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் பதிவகம் தரும் நேம்சர்வர் பதிவின் டிடிஎல் 172800 நொடிகள், அதாவது இரண்டு நாள்; அதைக் குறைக்க நம்மால் இயலாது. ஆகவே பழைய கணக்கை அன்றே மூடிவிடாமல் சில நாள்கள் இயங்கவிட வேண்டும்.

டிஎன்எஸ் விடைகள் போலியல்ல என்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் இயங்கும் டொமைனில் இந்த அவசரம் இன்னும் கடுமையான விளைவைத் தரும். 2021 செப்டம்பர் 30 அன்று அலுவலக உரையாடல் செயலியை நடத்தும் ஸ்லாக் நிறுவனம் டிஎன்எஸ்செக்கை இயக்க முயன்று, பிறகு பின்வாங்கியபோது, டொமைன் கையொப்பமிடப்பட்டது என்று பதிவகத்தின் பக்கம் அறிவிக்கும் டிஎஸ் பதிவு ரிசால்வர்களின் கேஷில் ஒரு நாள் வரை தங்கியதால், பயனர்களில் ஒரு பகுதியினருக்குச் சேவை ஏறத்தாழ 24 மணி நேரம் கிடைக்கவில்லை. கையொப்பத்தை நீக்கவோ, வேறு நேம்சர்வருக்குப் போகவோ விரும்புபவர் முதலில் டிஎஸ் பதிவை எடுத்துவிட்டு, அதன் டிடிஎல் முடியும்வரை காத்திருந்து, பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பிலும் சில தவறுகள் உண்டு. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் எழுதினால் சோதனையே பிழையாக முடியும் என்பதால் இரண்டையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். கைவிட்ட வெளிச் சேவையைச் சுட்டும் சிநேம் (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பும்) பதிவை அப்படியே விட்டுவைத்தால், அந்தச் சேவையில் அதே பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு உங்கள் துணை டொமைனில் தமது பக்கத்தைக் காட்ட வழியுண்டு. டொமைன் கணக்குக்கான மின்னஞ்சலை அதே டொமைனில் வைத்திருப்பதும் ஆபத்தே: டிஎன்எஸ் பழுதாகும் நாளில், அதைச் சரிசெய்ய உள்ளே நுழைவதற்கான கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சலும் உங்களை வந்தடையாது.