மளிகை அட்டையைப் பார்த்துக் காப்பீடு எடுக்காதீர்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களின் தொலைபேசி ஓயாது. "மெடிகேரில் உங்களுக்கு மளிகைப் பணம் காத்திருக்கிறது" என்பார்கள். முதல் தவறு அதை நம்புவது. மெடிகேர் என்பது முக்கியமாக மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அரசு நேரடியாக நடத்தும் மெடிகேர் மளிகைக்குப் பணம் தருவதில்லை. அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் சிலதான், கடையில் தேய்க்கும் அட்டையில் போட்டுத் தருகின்றன. அவையும் எல்லா உறுப்பினர்களுக்கும் தருவதில்லை.

நீரிழிவு, இதயச் செயலிழப்பு போன்ற நாள்பட்ட நோயால் உடல்நிலை சிக்கலாகி, மருத்துவமனையில் சேரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்காக 2020இல் வந்த சலுகை இது. நோயின் பெயர் மருத்துவச் சீட்டில் இருந்தால் மட்டும் போதாது. தகுதியைத் திட்டம் சரிபார்க்கும். வருமானம் குறைவு என்பதற்காகவே இச்சலுகையைத் தர இடமளித்த சோதனைத் திட்டமும் 2025 முடிவோடு நின்றுவிட்டது. போன ஆண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததே என்று இந்த ஆண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

என் அம்மாவுக்கு அட்டை வந்த வாரமே இந்தியக் கடைக்குப் போனோம். துவரம் பருப்பு, கேழ்வரகு மாவு, இரண்டு கட்டு முருங்கைக்கீரை, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். கல்லாவில் அட்டை ஏற்கப்படவில்லை. மறுபடி தேய்த்தும் பலனில்லை. பின்னால் வரிசை நீண்டது. பணம் போதவில்லை போலும் என்று எண்ணி, அம்மா நல்லெண்ணெய்ப் பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். பணம் இருந்தது; அந்தக் கடைதான் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் கடையின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எந்தப் பொருளுக்குச் செல்லும், மாதக் கடைசியில் மீதிப் பணம் காலாவதியாகுமா என்றும் கேளுங்கள். பல திட்டங்களில் மீதி அடுத்த மாதத்துக்கு வராது.

இவையெல்லாம் சிறிய இழப்புகள். அட்டைக்காகத் திட்டத்தையே மாற்றுவதுதான் பெரிய தவறு. மாதம் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600 டாலர். திட்டத்தின் வலையமைப்புக்குள், அதாவது அது ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவர்களிடமே, சிகிச்சை பெற்றாலும், நோயாளி தன் கையிலிருந்து கட்டும் தொகை 2026இல் 9,250 டாலர் வரை போகலாம். மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் சந்தாவையும் (2026இல் வழக்கமாக மாதம் 202.90 டாலர்) பொதுவாகத் தொடர்ந்து கட்ட வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவர் திட்டத்தில் இருக்கிறாரா, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளுக்கு என்ன விலை என்பதை முதலில் பாருங்கள். அரசு மெடிகேர் விட்டுவைக்கும் செலவுகளை ஈடுகட்டும் மெடிகாப் எனும் துணைக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். அதைக் கைவிட்டுப் பின்னால் திரும்ப வந்தால், பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் உங்கள் நோய்களைக் காட்டி மறுக்கலாம்.

தானாக அழைப்பவரிடம் மெடிகேர் எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஐயமிருந்தால் 1-800-633-4227 என்ற அரசு எண்ணை நீங்களே அழையுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இயங்கும் 'ஷிப்' என்ற மெடிகேர் உதவி அமைப்பின் ஆலோசகர்கள் காசு வாங்காமல் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டுவார்கள். செப்டம்பர் கடைசிக்குள் உங்கள் திட்டத்திடமிருந்து வரும், அடுத்த ஆண்டின் மாற்றங்களைச் சொல்லும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை முடிவெடுங்கள். அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் தவறாகத் தேர்ந்துவிட்டால், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒரு முறை மாறிக்கொள்ளலாம். அம்மாவும் அப்படித்தான் மாறினார்.