ஓர் அறை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குத் துணை நிற்பது எப்படி?

வடசென்னையில் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ மாலை வகுப்பு எடுக்க முன்வருபவர், பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் அதன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டறிய வேண்டும். மீன் ஏலத்துக்கு அம்மா விடியுமுன்பே கிளம்பிவிட, தம்பியைக் குளிப்பாட்டி, குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வரும் ஏழாம் வகுப்புச் சிறுமி முதல் பாடவேளையில் கண்ணயர்ந்தால், அதைச் சோம்பல் என்பது அநியாயம். வசதியான வீட்டில் கேட்காமலே கிடைக்கும் தனி அறையும், மேசையும், சொல்லித்தர ஓர் ஆளும்தான் பிறகு தேர்வுத்தாளில் திறமை என்று பெயர் பெறுகின்றன.

ஆகவே முதலில் இடம் தேடுங்கள். பாய் விரித்தால் தரை நிறைந்துவிடும் வீடுகளிலிருந்து வந்து, படிக்கட்டு விளக்கடியில் முழங்காலில் நோட்டை வைத்து எழுதும் பிள்ளைகளை நான் அன்றாடம் பார்க்கிறேன். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட அரசுப் படிப்பிடமான முதல்வர் படைப்பகம் பெரிய மாணவர்களுக்கு உதவும். சிறுவர்களுக்கோ நடந்து போகும் தொலைவில் ஒரு கூடம் வேண்டும். கோயில் மண்டபத்தையோ தேவாலயக் கூடத்தையோ மாலையில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

பாடத்தைப் பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். பின்னக் கணக்கில் திணறிய ஒரு சிறுவனிடம், கால் கிலோ நெத்திலி 60 ரூபாய் என்றால் முக்கால் கிலோ எவ்வளவு என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்குமுன் 180 என்றான். அதையே 1/4, 3/4 என்று எழுதிக் காட்டிய பிறகு அவனுக்குப் பாடப்புத்தகம் அந்நியமாக இல்லை.

பணத்தை முன்கூட்டியே யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் நின்றுபோகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டும் காலணியும் வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான் வருகின்றன. எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவரைத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு நீங்களே உடன் செல்லுங்கள், ஏனெனில் அந்த ஒரு நாள் அலைச்சல் தாய்க்கு ஒரு நாள் கூலி இழப்பு. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே வீட்டில் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தை வியாபாரம் முடிந்த மாலை வேளையில் வையுங்கள். மேலில் மீன் வாடை இருக்குமோ என்று கூசிக் கதவோரம் நிற்கும் தாய்க்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, அவர் மகள் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள்.